தனி டம்ளரும் திறந்த ஜன்னலும்

அத்தை வீட்டில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெருவில் அத்தையும் மாமாவும் குடியிருந்தார்கள். பின்கட்டில், கிணற்றடிக்குப் போகிற வழியில், சுவரில் ஒரு மாடப்பிறை. அதில் அலுமினிய டம்ளர் ஒன்று, அலுமினியத் தட்டு ஒன்று. மற்றப் பாத்திரங்களோடு அவை சேராது. அத்தை அவற்றைத் தனியாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தனியாகவே கவிழ்த்து வைப்பார். இரண்டும் மாமாவுடையவை.

1958 கோடை விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து என்னை மயிலாப்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. மாமா தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வருஷம் போல இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அத்தை சுவாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். ஆனாலும் டம்ளர் தனிதான். ஒரு நாள் நான் வெயிலில் விளையாடிவிட்டு வந்தபோது, மாமா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, வீட்டு டம்ளரில்தான், "குடிடா தம்பி" என்று நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஓடிவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

டி.பி. டம்ளரால் பரவுவதில்லை, தட்டாலும் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் அறைக் காற்றில் மிதக்கின்றன. அதே காற்றை மணிக்கணக்கில் சுவாசிக்கிறவருக்கு நோய் தொற்றுகிறது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் எங்கள் வீடு கண்ணுக்குத் தெரிந்த டம்ளரைத் தண்டித்தது. ஒரு வீடு செய்ததையே அரசாங்கங்களும் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்து வந்திருக்கின்றன. அரசாங்கக் காகிதங்களோடு முப்பத்தைந்து வருஷம் கழித்தவன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் தாம்பரம். அந்த சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1914-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்து போன அதே கப்பலில் அவரும் போனார். பிறகு 1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தபோது கொஞ்ச நாள் அவருடைய சானடோரியத்திலேயே இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது டி.பி.தானா என்று இப்போது சந்தேகிக்கிறார்கள். அது வேறு கதை.) 1937-ல் தாம்பரம் சானடோரியத்தை மதராஸ் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, இவைதான் அக்காலத்தில் வைத்தியம். மாமாவைப் பார்க்க அத்தையோடு ஒருமுறை போயிருக்கிறேன். சிறுவர்களை உள்ளே விடவில்லை. மரத்தடியில் நின்றே பார்த்தேன். நீண்ட வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், எப்போதும் திறந்தே கிடந்த பெரிய பெரிய ஜன்னல்கள்.

அந்தத் திறந்த ஜன்னல் நோயாளியின் நுரையீரலைக் குணப்படுத்தியது என்று நான் நம்பவில்லை. அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரையும், ஊசி போட வந்த நர்ஸையும் அது ஓரளவு காப்பாற்றியிருக்கும். யாருக்காகத் திறந்து வைத்தார்களோ அவருக்குப் பயன் இல்லை, அக்கம்பக்கத்தாருக்குப் பயன். சானடோரியங்கள் மூடப்பட்டபோது ஜன்னல்களும் சேர்ந்து மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் விஷயம் வேறு விதம். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். உயரமான கூரை, 'பெர்சியென்' என்கிற மரச்சட்டக் கதவு வைத்த ஜன்னல்கள், நல்ல காற்றோட்டம். ஆனால் எங்கள் முசியேவுக்கு 'கூரான் தேர்' என்றால் பயம். அதாவது ஒரு ஜன்னல் வழியாக வந்து மறு ஜன்னல் வழியாகப் போகும் குறுக்குக் காற்று. அது பட்டால் ஜலதோஷம், காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு எல்லாம் வருமாம். ஒரு பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு அதே முசியே 'லேர் விசியே', அதாவது கெட்டுப்போன காற்று, எவ்வளவு ஆபத்து என்று சுகாதாரப் பாடம் நடத்துவார்.

பாஸ்டர் பாடத்தை மட்டும் அவர் பூஜை செய்வது போல நடத்துவார். 1860-ல் பாஸ்டர் கொதிக்கவைத்த சாறு நிரப்பிய இருபது குப்பிகளை ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றுப் பக்கம் கொண்டுபோய்த் திறந்து மூடினார். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கெட்டது. கீழே, ஊர்க்காற்றில் திறந்த குப்பிகள் பல கெட்டுப்போயின. காற்றில் கிருமி உண்டு, எல்லா இடத்துக் காற்றிலும் ஒரே அளவு இல்லை என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. இன்னொரு பெயரையும் பெருமையோடு சொல்வார்: போல்-லூயி சிமோன். 1898-ல் கராச்சியில் எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் பிளேக் பரவுகிறது என்று பரிசோதனை செய்து காட்டிய பிரெஞ்சு டாக்டர்.

முசியே சொல்லாமல் விட்டதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிமோன் சொன்னதைப் பல வருஷம் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் பம்பாய் மாகாணத்தில் சர்க்கார் வீடு வீடாகப் புகுந்து கார்பாலிக் அமிலம் தெளித்துக்கொண்டிருந்தது. வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று ஓடுகளைப் பிரித்தது, சாமான்களை எரித்தது. எலி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டதற்கு இந்த அத்துமீறல்தான் காரணம். அதே வருஷம் அவசரமாகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-லும் தூசி தட்டி எடுத்தோம். போட்டபோது அச்சட்டம் மொத்தம் நாலே பிரிவு.

காற்றின் கதை இதற்குத் தலைகீழ். பழைய வைத்தியர்கள் எல்லா நோயும் கெட்ட காற்றால் வருகிறது என்றார்கள். 'மலேரியா' என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். கிருமிகளைக் கண்டுபிடித்த பிறகு புது டாக்டர்களுக்குக் காற்று என்றாலே பழைய மூடநம்பிக்கை மாதிரி ஆகிவிட்டது. 1910-ல் அமெரிக்காவில் சார்லஸ் சேப்பின் என்ற சுகாதார அதிகாரி எழுதிய புத்தகம், நோய் பெரும்பாலும் தொடுதலாலும் பக்கத்தில் தெறிக்கும் எச்சில் துளியாலும்தான் பரவுகிறது, காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அடித்துச் சொன்னது. கை கழுவச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், காற்றைச் சொன்னால் பயந்து கைவிட்டுவிடுவார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அந்தப் புத்தகத்தின் நிழல் உலகம் முழுக்க விழுந்தது. வில்லியம் வெல்ஸ் என்பவர் 1930-களின் கடைசியில் பிலடெல்பியா பக்கம் சில பள்ளி வகுப்பறைகளில், பிள்ளைகளின் தலைக்கு மேலே, புற ஊதா விளக்குகளைப் பொருத்தினார். 1941-ல் தட்டம்மை வந்தபோது விளக்கு இருந்த வகுப்புகளில் மிகக் குறைவாகவே பரவியது. மற்ற ஊர்களில் செய்து பார்த்தபோது அவ்வளவு பலன் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்களே, அங்கே விளக்கு ஏது? விளக்கு வேண்டாம் என்று மூட்டை கட்டிவிட்டார்கள்.

இனி நம் ஊர். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து செய்த காரியம். தலைமை ஏற்று வந்தவர் டாக்டர் வாலஸ் பாக்ஸ். ராமானுஜன் 1920-ல் கண்ணை மூடியதும் இதே சேத்துப்பட்டில்தான்.

கேள்வி எளிமையானது. இந்தியாவில் லட்சக்கணக்கான டி.பி. நோயாளிகள் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் சானடோரியத்தில் கட்டில் போட எந்த ஜென்மத்திலும் முடியாது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். நகரத்து ஏழைகள், ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுத்து எழுந்தவர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பாதியை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், பன்னிரண்டு மாதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் இருந்தவர்கள் அரை வயிற்றோடு வேலைக்கும் போனார்கள். வருஷ முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி அடங்கித் தேறியிருந்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. உலகத்தின் பல நாடுகளில் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதில் மதராஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் இரண்டாவது பாகம். நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அவர்களையும் ஐந்து வருஷம் விடாமல் கவனித்து 1966-ல் எழுதினார்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் ஏற்படவில்லை. ஒட்டியதெல்லாம் பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே ஒட்டியது. மருந்து உள்ளே போனதும் நோயாளி காற்றில் விடும் கிருமி வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஏறக்குறைய அதே வருஷங்களில் அமெரிக்காவில் பால்டிமோரில் வெல்ஸும் அவருடைய சீடர் ரிச்சர்ட் ரைலியும், டி.பி. வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடிக்குக் கொண்டுபோய் அங்கே கூண்டில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்கவைத்தார்கள். காற்றைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லாத அந்தப் பிராணிகளுக்கு டி.பி. வந்தது. புற ஊதா வெளிச்சத்தில் காட்டிய காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நோயாளிகளால் மிகச் சிலவற்றுக்கே தொற்றியது. சேத்துப்பட்டு சொன்னதைக் கினிப்பன்றியும் சொன்னது.

இந்த விவரம் 1980-களில் ஒரு பழைய அறிக்கை என் மேஜைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மாமா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. நெஞ்சு வலி, டி.பி. இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனபோது, படித்ததைப் பெருமையாகச் சொன்னேன். நம்ம மதராஸ், நம்ம சேத்துப்பட்டு என்று. அத்தை முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படின்னா பாப்பாவை அவர் தூக்கியிருக்கலாமா?" என்றார்.

பாப்பா 1959-ல் பிறந்தவள். மாமா அவளைத் தூக்கியதே கிடையாது. முற்றத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கை தட்டிக் கூப்பிடுவார். அவள் தவழ்ந்து பாதி முற்றம் வந்ததும் அத்தை ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"தூக்கியிருக்கலாம் அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல? அலுமினிய டம்ளர் அப்போதும் அதே மாடப்பிறையில் இருந்தது. அதில் கோலமாவு வைத்திருந்தார்.

இத்தனை தெரிந்துகொண்ட நானும் என் அலுவலகத்தில் என்ன கிழித்தேன் என்று கேட்டால், சொல்லத்தான் வேண்டும். எங்கள் பழைய கோப்பு அறையில் இரண்டு ஜன்னல். புறாத் தொல்லை என்று பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அங்கே எட்டு மணி நேரம் உட்கார்ந்த ரிக்கார்டு கிளார்க் மாதக்கணக்கில் இருமினார்; தூசி என்று நினைத்தோம். டி.பி. என்று தெரிந்ததும் அறையைப் பினாயில் விட்டு மூன்று நாள் கழுவினார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியை வெளியே எறிந்தார்கள். தளவாடப் பதிவேட்டில் அதைக் கழித்து எழுதியது நான். ஜன்னலைத் திறக்கலாம் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். மழைச்சாரலில் கோப்பு நனையும், கம்பி வலைக்கு மதிப்பீடு வாங்க வேண்டும் என்று திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அதே அறையில் வேலை பார்த்த பியூனுக்கும் வந்தது. முதல் குறிப்பை எழுதிய நான் நினைவூட்டுக் குறிப்பு எழுதவில்லை.

பினாயிலுக்கு இன்டென்ட் போடலாம். விலைப்புள்ளி உண்டு, இருப்புப் பதிவேடு உண்டு, தெளித்தால் மணக்கும், அதிகாரி வந்து மோந்து பார்த்துத் திருப்தியாகப் போவார். திறந்த ஜன்னலுக்குப் பில் போட முடியாது. தணிக்கையில் காட்ட ஒன்றும் இருக்காது. 1939-ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. 2020 செப்டம்பரில் அதே சட்டத்தைத் திருத்தி, மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய், கண்ட இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வைத்தார்கள். ஜன்னலை மூடி வைத்தவருக்கு அபராதம் இல்லை.

கொரோனாவை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். 2020 பங்குனியில் கபாலிக்கு அறுபத்து மூவர் இல்லை. மாட வீதிகளில் லாரி வந்து கிருமிநாசினி பீய்ச்சியது. திருப்பூரில் சந்தை வாசலில் ஒரு சுரங்கம் கட்டி, உள்ளே நுழைகிறவர்கள் மேலெல்லாம் மருந்து தெளித்தார்கள். நாடெங்கும் அதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். நம் பொது சுகாதார இயக்குநரகம் அந்த ஏப்ரலிலேயே வேண்டாம் என்றது, மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள் என்றது. ஆனாலும் அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் கடைசியில் இது காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு மறுத்தார்கள். நம் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம், நுண் துளிகள் பத்து மீட்டர் வரை போகும், ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், மின்விசிறி வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள் என்று எளிய படங்கள் போட்டு அறிவுரை வெளியிட்டது. நல்ல அறிவுரை. அது வந்தபோது இரண்டாம் அலை பலரைக் கொண்டுபோயிருந்தது.

எங்கள் அடுக்ககத்தில் கடிதம் எழுதும் வேலை எப்போதும் எனக்குத்தான். எதிர் வீட்டில் தகரம் அடித்தபோது, எல்லோரும் தெருப்பக்கத்து ஜன்னலை மூடி வைக்கவும் என்று சங்கம் சொன்னதை நான்தான் சுற்றறிக்கையாக எழுதி லிப்டில் ஒட்டினேன். லிப்டில் மூச்சு முட்டியது. அங்கே மின்விசிறி பழுது. என் மனைவி மட்டும் ஜன்னலை மூட மறுத்துவிட்டாள். "வேர்க்குது" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

புற ஊதா விளக்குக்கும் பிறகு நல்ல காலம் வந்தது. சண்டிகரில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிலையம் ஏ.சி. குழாய்களுக்குள் பொருத்தும் கருவியைச் செய்ய, 2021-ல் அதை நாடாளுமன்றத்தில் வைக்கப்போவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். வைக்கட்டும், தப்பில்லை. ஆனால் டி.பி.க்காக 2010-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் காற்றுவழித் தொற்றைத் தடுக்க ஒரு நெறிமுறைப் புத்தகம் போட்டிருக்கிறது. முதலில் இருமுகிறவரைப் பிரித்து உட்கார வை, அடுத்து ஜன்னலைத் திறந்து காற்றை ஓட விடு, விளக்கெல்லாம் அதற்கப்புறம் என்பது அதன் சாரம். அதை ஆஸ்பத்திரிகளில் யார் படித்தார்கள் என்று தேடினால் தெரியும்.

போன மாதம் சர்க்கரை டெஸ்டுக்காகப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, ஏ.சி., நாங்கள் பதினாலு பேர். சுவரில் இருமும்போது வாயை மூடவும் என்ற போர்டு, வாசலில் கை கழுவும் மருந்து. ஒரே ஜன்னல், அதன் இடுக்குகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மூலையில் ஒரு பெரியவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ஏ.சி. போயிடும் சார். வேணும்னா வெளியில உக்காருங்க, டோக்கன் வந்தா கூப்பிடறேன்."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். வேப்ப மரத்துக் காற்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரியவரும் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.